அடைக்கலமும் இணக்கமும்
தீவகத்திற் குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கான ஆதரவு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஊர்காவற்றுறையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் துறையையே எழுதினர். யானைகளை ஏற்றிய துறைமுகம், போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றிய கடற்கோட்டை, பாய்க்கப்பல் வணிகம், தென்னிலங்கை நகரங்களிற் கடை நடாத்திப் பொருளீட்டிய தீவக வணிகர் என்பனவே அவ்வரலாற்றின் பொருள்களாயின. துறையை விட்டு உள்ளே செல்லின் கிடுகுவேலிகள் உள்ளன. நெடுந்தீவிலே பவளக்கற்களை அடுக்கிய மதில்கள் உள்ளன. அவ்வேலிகளுக்கும் மதில்களுக்கும் அப்பால் நிகழ்ந்த வாழ்க்கை வரலாற்றுப் பொருளாகக் கருதப்படவில்லை. கணவனால் அடிக்கப்பட்ட மனைவி அன்றிரவு எங்கே சென்றாள், அவளுக்குக் கதவு திறந்தவர் யார், மறுநாள் அவளிடம் என்ன சொல்லப்பட்டது என்னும் வினாக்கள் சிறியன போலத் தோன்றலாம். எனினும் ஒரு சமூகத்தின் குடும்ப அமைப்பு, நிலவுடைமை, சட்டம், அரசு ஆகிய அனைத்தும் அவ்வினாக்களுக்கான விடைகளிலே வந்து கூடுகின்றன.

குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கு ஆதரவளித்தல், உளவளத்துணை வழங்குதல் என்பன அண்மைக்காலத்து நிறுவனங்களின் பணிகள் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் ஓரளவே உண்மை. பெயரும் அலுவலகமும் புதியனவாயினும் ஆதரவு நாடும் தேவையும் அதற்குச் சமூகம் அளித்த விடையும் பழையன. யாழ்ப்பாணத் தீவகத்தை மையமாகக் கொண்டு நோக்குமிடத்து அவ்விடை மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளமை புலனாகும். முதலாவது, சுற்றமும் சீதன நிலமும் அளித்த அடைக்கலம். இரண்டாவது, குடியேற்ற ஆட்சிக்காலத்து நீதிமன்றம் அளித்த நிவாரணம். மூன்றாவது, 1980களின் பின்னர் தோன்றிய பெண்கள் அமைப்புக்களும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அளிக்க முயலும் பாதுகாப்பு. இம்மூன்று நிலைகளிலும் ஒரு நிபந்தனை மாறாது தொடர்ந்து வந்துள்ளது. பெண் ஈற்றிலே கணவனுடன் இணங்கிப் போதல் வேண்டும் என்பதே அது. அடைக்கலத்தையும் இணக்கத்தையும் பிரித்தறியாமையே ஆதரவுப் பணியின் வரலாற்றில் நீங்காதிருந்த குறைபாடு என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கின்றது.

சுற்றமும் சீதன நிலமும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைத் தொகுக்கும் பணி ஒல்லாந்தத் தேசாதிபதி சீமன்ஸ் என்பாரின் ஆணைப்படி நடைபெற்றது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டபின் 1707ஆம் ஆண்டிலே அது தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பாக நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்கு மீண்டும் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை சொத்தினை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்துவது யாவரும் அறிந்ததே. இவற்றுட் சீதனம் ஈண்டு சிறப்பாக நோக்கற்பாலது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தலும், மணமகன் அவ்விடத்து வந்து குடியேறுதலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் பரவலான வழக்கமாக இருந்தன. இதன் விளைவாக மணமான பெண் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அயலில் வாழும் ஒரு சூழலிலேயே வாழ்ந்தாள். வெளியூரிலிருந்து வந்தவன் கணவனே. தீவக ஆடவர் பலர் வணிகத்தின் பொருட்டு ஆண்டின் பெரும்பகுதியைத் தென்னிலங்கையிற் கழித்தமையால், வீட்டின் அன்றாட வாழ்வு பெண்வழிச் சுற்றத்தின் கண்முன்னேயே நிகழ்ந்தது. கணவன் கையோங்கினால் தமையனுக்கும் தாய்மாமனுக்கும் கேட்கும் தூரத்திலேயே அது நிகழ்ந்தது.

மணமக்கள் பிணங்கிப் பிரிந்து வாழ்தலையும் தேசவழமை கருத்திற் கொண்டுள்ளது. அத்தகைய பிணக்குகளிற் பிள்ளைகள் பொதுவாகத் தாயின் பக்கம் நின்று அவளுடனேயே வாழ்வர் என அது குறிப்பிடுகின்றது. அவ்வாறு பிரிந்திருக்கும் காலத்தில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் நன்கொடையாக வழங்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்றும் விதிக்கின்றது. நன்கொடை பற்றிய விதிகளினிடையே இது வந்தமையாற் பலரது கவனத்துக்கும் எட்டவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிணங்கிய வீட்டில் நிலத்தைக் காப்பது பெண்ணைக் காப்பதன் முதற்படி என்பது உணரப்பட்டிருந்தமைக்கு இது சான்றாகும். எனினும் அதே தொகுப்பு, கணவனுடைய இசைவின்றி மனைவி தன் சீதனத்தையேனும் பிறருக்கு வழங்கலாகாது எனவும், மணத்தினால் அவள் கணவனின் விருப்பத்துக்கு உட்பட்டவள் எனவும் கொள்கின்றது. ஒரு கையால் அளித்த பாதுகாப்பை மறுகையால் அது மட்டுப்படுத்தியது.

இப்பழைய அடைக்கலத்தைப் பொற்காலமாகப் போற்றுவதற்கும் இடமில்லை. சீதனமாக நிலம் பெற்ற குடும்பங்களுக்கே அது முழுமையாகக் கிடைத்தது. தேசவழமை அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்ட தொகுப்பு என்பது மறக்கற்பாலதன்று. இலங்கையில் அடிமைமுறை 1844இலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. பிறர் வளவில் குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணுக்கு ஓடிச்செல்ல ஒரு சொந்த முற்றம் இருக்கவில்லை. நிலம் பெற்ற பெண்ணுக்கும் சுற்றம் அளித்த இடம் ஓரிரு வாரத்திற்குரியதே. தங்கை மணமாகாதிருக்கையில் தமக்கை ‘வாழாவெட்டி’யாக வீட்டில் இருத்தல் குடும்பத்துக்கு இழுக்கென எண்ணப்பட்டது. ‘கல்லானாலும் கணவன்’ என்னும் முதுமொழி அந்நிலையிற்றான் வேலை செய்தது. பெரியோர் கூடிக் கணவனைக் கண்டித்தனர். மனைவிக்குப் புத்தி கூறினர். இருவரையும் சேர்த்து அனுப்பினர். அடைக்கலம் இணக்கத்தின் முன்னுரையாக மட்டுமே இருந்தது.

விதானையார் திண்ணையும் நீதவான் மன்றும்

குடியேற்ற ஆட்சியில் உடையார், விதானையார் ஆகிய தலைமைக்காரர் ஊரின் சிறு பிணக்குகளைத் தீர்த்து வைத்தனர். நிலமும் சாதி மேன்மையும் உடைய குடும்பங்களிலிருந்தே இப்பதவியினர் பெரும்பாலும் தெரிவாயினர். தலைமைக்காரர் முறை 1963இல் நீக்கப்பட்டு அவர்களிடத்துக் கிராம சேவையாளர் நியமிக்கப்படும்வரை விதானையார் திண்ணையே சாதாரண மக்களின் முதல் நீதிமன்றம் எனலாம். அங்கே ஆண்கள் பேசினர், ஆண்கள் தீர்த்தனர். கத்தோலிக்கர் மிகுந்த ஊர்காவற்றுறைப் பகுதியிற் பங்குத்தந்தையின் சொல்லும் இத்தகைய பிணக்குகளில் மதிப்புப் பெற்றிருந்தது. மணப்பிணைப்புப் பிரிக்கலாகாதது என்பது அத்திருச்சபையின் கோட்பாடாகலின் அங்கும் நோக்கம் சேர்த்துவைத்தலே.

எழுதப்பட்ட சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, காயம் விளைவித்தலைக் குற்றமாக்கியபோது அடித்தவன் கணவனாயின் விலக்கு என்று கூறவில்லை. ஆயினும் வீட்டினுள் நிகழும் அடியைப் பொலிசார் குடும்ப விவகாரமாகக் கருதியமையால் அவ்விதி ஏட்டளவிலேயே பெரும்பாலும் நின்றது. இதனைவிடப் பயன்பட்டது 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பராமரிப்புக் கட்டளைச்சட்டமாகும். மனைவியையும் பிள்ளைகளையும் பராமரியாத கணவனிடமிருந்து மாதாந்தம் பணம் பெற்றுக்கொடுக்க நீதவானுக்கு அது அதிகாரமளித்தது. மனைவி தன்னுடன் வந்து வாழ்ந்தாற் பராமரிப்பேன் எனக் கணவன் முன்வந்தாலும், அவன் வழக்கமாக அவளைக் கொடுமைப்படுத்தி வந்தான் என நீதவான் கண்டால் அவள் திரும்பிச் செல்லாமலேயே பணம் பெறலாம் என அச்சட்டம் விதித்தது. கணவன் வீட்டுக்குத் திரும்புவதை நிபந்தனையாக்காது வாழ்வாதாரம் வழங்க வழி செய்த இவ்விதி ஆதரவின் வரலாற்றில் ஒரு முக்கிய படியாகும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது.

ஏனைய சட்டங்கள் இத்துணைத் தெளிவாக அமையவில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் பிறன்மனை நாட்டம், வன்மத்துடன் கைவிடல், மணவேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றையே மணமுறிவுக்குக் காரணங்களாக ஏற்றது. கொடுமை தனிக்காரணமாக அதில் இடம்பெறவில்லை; கொடுமையினால் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவள் கைவிடப்பட்டவளே என வாதிட்டே நிவாரணம் பெற வேண்டியிருந்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச்சட்டம் மனைவியின் சொத்தை அவளது தனிச்சொத்தாக ஏற்றது. ஆயினும் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்றது. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்தும் நியாயமின்றி இசைவு மறுத்தவிடத்தும் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம். அதாவது, அடிக்கும் கணவனை விட்டுப் பிரிந்து தன் காணியை விற்றுப் பிழைக்க எண்ணும் பெண், முதலில் அவனது கையொப்பத்தையோ நீதிமன்றத்தின் அனுமதியையோ பெறவேண்டியிருந்தது. வழக்குச் செலவும் பயணமும் தீவகத்துப் பெண்ணுக்கு எத்தகைய தடைகளாயின என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சுதந்திரத்தின் பின்னர் இணக்கம் அரச நிறுவனமாகவும் உருப்பெற்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் இணக்கசபைகள் தோன்றி 1970களின் இறுதிவரை இயங்கின. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. காணி எல்லை, கடன் முதலிய பிணக்குகளுக்கு இச்சபைகள் பெரும் பயன் விளைத்தன என்பதில் ஐயமில்லை. எனினும் காயம் விளைவித்தல் போன்ற சில குற்றங்களும் இவற்றின் வரம்பினுள் வந்தன. சமவலு உடைய அயலவர் இருவருக்கிடையே மத்தியஸ்தம் பொருந்தும். ஒருவர் மற்றவருக்கு அஞ்சி வாழும் வீட்டில் அது பொருந்துமா என்னும் வினா எழவேண்டிய அளவுக்கு எழவில்லை.

பேசப்படாதது பேசப்பட்டமை

மேல்நாடுகளிலும் இவ்விடயம் அண்மைக்காலத்திலேயே பொதுப்பிரச்சினையாகியது. கணவரால் துன்புறுத்தப்பட்ட பெண்கள் தங்குவதற்கென இலண்டனின் சிசுவிக் பகுதியில் 1971இல் தொடங்கப்பட்ட இல்லம் பல நாடுகளில் இத்தகைய இல்லங்கள் தோன்றுவதற்கு முன்மாதிரியாயிற்று. பெண்களுக்கு எதிரான எல்லாவகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1981இல் ஏற்று உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் முதலாவது அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இற் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் நிறுவப்பட்டது. இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

யாழ்ப்பாணத்தில் இவ்வுணர்வு போர்ச்சூழலினூடே வளர்ந்தது. கைதாகிய ஆண்மக்களுக்காக 1984இல் அன்னையர் முன்னணி வீதியில் இறங்கியது. பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டது. வீட்டினுள் அடங்கிய பெண்ணநுபவம் பொதுவெளியிற் பேசுதற்குரிய பொருள் என்பதை அத்தொகுதி தமிழ் வாசகருக்கு உணர்த்தியது. 1980களின் இறுதியிற் பூரணி பெண்கள் நிலையம் யாழ்ப்பாணத்தில் ஆதரவற்ற பெண்களுக்கு இடமளித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம அதன் அமைப்பாளர்களுள் ஒருவர். அவர் 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டமை அரசியல் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. அது பெண்களுக்கான ஆதரவுப் பணிக்கு நேர்ந்த இழப்பு என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

இதே காலப்பகுதியில் வேறிடங்களிலும் அடிப்படைகள் இடப்பட்டன. கொழும்பில் 1987இல் ‘தேவை நாடும் மகளிர்’ அமைப்பு தோன்றி, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உளவளத்துணையும் சட்ட உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் வழங்கத் தொடங்கியது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் நிலையம் அமைத்தது. அதே 1987இல் யாழ்ப்பாணத்திற் சாந்திகம் நிறுவப்பட்டது. போரினால் உளநலம் குன்றியோருக்குத் துணைநிற்றலே அதன் முதனோக்கமாயினும் உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்ததன் மூலம் அது பரந்த ஒரு பணிக்கு வித்திட்டது. மட்டக்களப்பிற் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களில் வேரூன்றி, இடம்பெயர்ந்த பெண்களுக்கான நிவாரணப் பணியையும் வீட்டு வன்முறைக்கு எதிரான பணியையும் இணைத்துச் செய்தது. அறிவுரை கூறலும் உளவளத்துணையும் ஒன்றல்ல என்னும் தெளிவு தமிழ்ச்சூழலில் இந்நிறுவனங்களின் பயிற்சிகள் வாயிலாகவே பரவலாயிற்று.

உடைந்த அடைக்கலம்

இப்புதிய நிறுவனங்கள் உருப்பெற்ற வேளையிலேயே பழைய அடைக்கலம் சிதைந்தது. 1983ஆம் ஆண்டு வன்செயல்கள் தென்னிலங்கையில் தீவகத்தார் கட்டியெழுப்பிய வணிகத்தைத் தாக்கின. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தீவுக்கும் கரைக்கும் இடையிலான கடல் அச்சத்திற்குரியதாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளை அடுத்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களின் மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டிலும் வன்னியிலும் கொழும்பிலும் தஞ்சமடைந்தோர் ஒருபுறம். பிரான்சு, சுவிற்சர்லாந்து, கனடா எனச் சிதறியோர் மறுபுறம்.

இச்சிதறலை மக்கட்டொகை இழப்பாக மட்டும் நோக்குவது போதாது. சீதன வளவைச் சுற்றித் தமையனும் தாய்மாமனும் வாழ்ந்த அமைப்பே பெண்ணின் பாதுகாப்பாக இருந்தது. அவ்வமைப்புக் கலைந்தபோது கணவன் மட்டுமே எஞ்சினான். முகாமிலோ வாடகை அறையிலோ வாழ்ந்த பெண்ணுக்கு ஓடிச்செல்ல அடுத்த முற்றம் இல்லை. 2009இற் போர் முடிவுற்றபின் தீவகத்துக்குத் திரும்பியோரில் ஒரு பகுதியினர், பூட்டிய வீடுகளும் பற்றைக்காடுகளும் சூழ்ந்த ஒழுங்கைகளிற் குடியேறினர். அலறினாற் கேட்பதற்கு அயல் இல்லாத இடங்களும் அவற்றுள் உண்டு. பழைய ஊரின் கட்டுப்பாடு, மானம், ‘ஊர் என்ன சொல்லும்’ என்னும் அச்சம் ஆகியன மட்டும் பெண்ணின்மேல் முன்போலவே நின்றன. ஊர் அளித்த அடைக்கலம் போயிற்று. ஊர் விதித்த இணக்கம் போகவில்லை. தீவகத்தின் அண்மைக்காலச் சமூக வரலாற்றில் இது கூர்ந்து நோக்கற்பாலது.

2005ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் நடைமுறையும்

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்வரலாற்றின் மூன்றாம் நிலையைக் குறிக்கின்றது. உடலைத் துன்புறுத்தலுடன், தொடர்ச்சியான கொடுமையும் இழிவுபடுத்தலுமாகிய உளத்துன்புறுத்தலையும் அது வீட்டு வன்முறை என்கின்றது. கணவன், மனைவி மட்டுமன்றி முன்னாள் துணைவரும் உறவினரும் அதன் வரம்பினுள் அடங்குவர். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவசரமாயின் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்து 14 நாள்களுக்குள் விசாரணைக்குத் திகதியிடுவார். விசாரணையின்பின் 12 மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். கட்டளையை மீறுவோருக்கு 10,000 ரூபா வரையான தண்டமோ ஓராண்டு வரையான சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இருவரும் வாழும் வீட்டினுள் நுழைதல், பாதிக்கப்பட்டவரைத் தொடர்புகொள்ளல், அவரது வேலைத்தலத்துக்கும் புகலிடத்துக்கும் செல்லல் ஆகியவற்றைக் கட்டளை தடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் நிர்க்கதியாகுமாறு குடும்ப வீட்டை விற்றலையும் பாரப்படுத்தலையும் தடுக்கலாம். 1707ஆம் ஆண்டுத் தொகுப்புப் பிணங்கிய காலத்திற் சீதனத்தை வழங்கக் கணவனுக்கு உரிமையில்லை என்றமையும் இதுவும் வெவ்வேறு சட்ட மரபுகளைச் சார்ந்தவை; ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததன்று. ஆயினும் பெண்ணின் பாதுகாப்பு அவள் நிற்கும் நிலத்தோடு பிணைந்தது என்னும் உண்மையை இரண்டுமே கண்டுள்ளன.

உளவளத்துணை இச்சட்டத்தினுள் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. இரு திறத்தாரையும் உளவளத்துணைக்கும் சிகிச்சைக்கும் அனுப்பவும், கட்டளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றதா எனக் கவனிக்கச் சமூக சேவையாளரையோ குடும்ப உளவளத்துணையாளரையோ நியமிக்கவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. பிரதேச செயலகங்களில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் பணியாற்றுகின்றனர். பொலிஸ் நிலையங்களிற் பெண்கள், சிறுவர் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ என்னும் பெயரில் வன்முறைக்கு ஆளானோருக்கான பராமரிப்பு நிலையங்கள் அமைந்துள்ளன. 1938 என்னும் இலக்கத்தில் மகளிர் உதவித் தொலைபேசிச் சேவையும் உண்டு. ஏட்டளவில் நோக்கின் அமைப்பு நிறைவானதாகவே தோன்றும்.

எனினும் அமைப்பு இருத்தல் வேறு, அதனை அடைதல் வேறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய ரீதியில் நடாத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 20.4 பேர், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியுள்ளனர். துணைவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானோரிற் பாதியளவினர் எந்த நிறுவனத்தின் உதவியையும் நாடவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபாகும். சட்டமும் அவர்களுக்கு முழுத் துணையாக இல்லை. 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத் திருத்தம் மனைவியை வல்லுறவுக்கு உட்படுத்தலை, நீதிமன்றத்தாற் பிரிக்கப்பட்ட தம்பதியர் விடயத்தில் மட்டுமே குற்றமாக ஏற்றது.

கடல் கடந்த நிவாரணம்

தீவகத்திற்கு இத்தடைகளுடன் புவியியலும் சேர்கின்றது. பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவை யாழ்ப்பாண நகருடன் இணைக்கின்றது. வேறொரு தாம்போதி புங்குடுதீவை வேலணையுடன் இணைக்கின்றது. நயினாதீவும் நெடுந்தீவும் இவ்விணைப்புக்கு வெளியே உள்ளன. நெடுந்தீவுப் பெண் ஒருத்தி ஊர்காவற்றுறை நீதிமன்றத்தையோ வைத்தியசாலையையோ அடைவதாயின் ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகிற் சென்று குறிகட்டுவானில் இறங்கிப் பின்னர் தரைவழி செல்லவேண்டும். இரவிற் படகுச் சேவை இல்லை. காற்றுக்காலத்திற் பகலிலும் நிச்சயமில்லை. வன்முறை பெரும்பாலும் இரவிலேயே நிகழ்வது. மேலும், இறங்குதுறையில் யார் படகேறுகின்றார் என்பதை ஊரே காணும். ஒருத்தி பிள்ளைகளுடனும் துணிப்பையுடனும் நின்றால் அவள் ஏன் போகின்றாள் என்பது படகு கரைசேருமுன் அவளது கணவனுக்கு எட்டிவிடும்.

எனவே தீவுகளில் முதல் ஆதரவு அலுவலகத்திலன்றி வீட்டு வாயிலிலேயே கிடைத்தல் வேண்டும். இதற்குரிய அமைப்பும் புதிதாகத் தோன்ற வேண்டியதன்று. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டதிலிருந்து வளர்ந்த பொதுச்சுகாதார முறையின் பயனாகக் குடும்பநல உத்தியோகத்தர் இன்று வீடுவீடாகச் செல்கின்றார். கருவுற்ற தாயையும் குழந்தையையும் பார்க்க வருபவர் என்பதால் கணவனும் மாமியாரும் அவரை ஐயுறுவதில்லை. கையிலுள்ள காயத்தை முதலிற் காண்பவரும் அவரே. பெண்ணைத் தனியே வைத்துக் கேட்கவும், கேட்டதை வெளியிடாதிருக்கவும், உரிய இடத்துக்கு வழிகாட்டவும் அவருக்குப் பயிற்சியும் நேரமும் அளிக்கப்படின் கடல் ஓரளவு சுருங்கும். சட்டத்திலும் ஒரு வசதி உண்டு. பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்துக்குரிய நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாண நகரில் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்ட தீவகப் பெண் முறையிடுவதற்காகத் திரும்பிச் செல்லவேண்டியதில்லை. இதனை அறிந்தோர் எத்தனை பேர் என்பதே வினா.

உளவளத்துணையாவது யாது?

இங்கு அடிப்படை வினா ஒன்றுக்கு வரலாம். உளவளத்துணை என்பது பெரியோர் புத்தி கூறுதலின் புதிய பெயரா? நடைமுறையில் அவ்வாறு ஆகிவிடும் இடங்கள் உண்டு. கணவனையும் மனைவியையும் ஒரே மேசையின் முன் இருத்தி, இருவரது குறைகளையும் கேட்டு, பிள்ளைகளை முன்னிட்டுப் பொறுத்துப்போகுமாறு கூறி, தாளொன்றிற் கையொப்பம் பெற்று அனுப்புவதைப் பலர் உளவளத்துணை என எண்ணுகின்றனர். விதானையார் திண்ணையில் நிகழ்ந்ததும் இதுவே. அடித்தவன் அருகிலிருக்கையில் அடிபட்டவள் உண்மையைப் பேசமாட்டாள். பேசினால் அதற்கான விலையை அன்றிரவு கொடுப்பாள்.

முறையான உளவளத்துணை பெண்ணைத் தனியே சந்திப்பதிலிருந்து தொடங்குகின்றது. இன்றிரவு அவளும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பார்களா என்பதே அதன் முதல் வினா. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகம், காணி உறுதி ஆகியவற்றை எங்கே வைப்பது, ஆபத்து நேரும்போது எந்த வீட்டுக்குச் செல்வது, பிள்ளைக்கு என்ன சொல்லி வைப்பது என்பவற்றை அவளுடன் சேர்ந்து திட்டமிடுவது அதன் இரண்டாம் பணி. அடிபட்டமைக்குத் தானே காரணம் என்னும் எண்ணத்திலிருந்து அவள் விடுபடத் துணைநிற்பது மூன்றாவது. முடிவு அவளுடையது. அவள் திரும்பிச் செல்லத் தீர்மானித்தாலும், பிரிந்து வாழத் தீர்மானித்தாலும் ஆதரவு நிறுத்தப்படலாகாது. திரும்பிச் சென்றவள் மீண்டும் வருகையில் ‘அன்றே சொன்னோமே’ என்று கதவடைப்பது பணியின் அறத்துக்கு முரணானது. அடித்தவனுக்கும் துணை வேண்டும். மதுவுக்கும் போரின் வடுவுக்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் அது வேறு அறையில், வேறு நேரத்தில் நிகழவேண்டியது. அவை அவனுடைய நிலையை விளக்கலாம். அவன் கையை நியாயப்படுத்தா.

இணக்கம் தீயதன்று. அச்சமின்றி வாழும் இருவர் தாமாக இணங்குதல் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் நன்மையே. ஆயின் பாதுகாப்புக்கு முன்னர் வரும் இணக்கம் அடங்கிப்போதலாகும். தேசவழமைக் காலத்து முற்றத்திலும், குடியேற்றக்காலத் திண்ணையிலும், பின்வந்த சபைகளிலும் இணக்கமே முன்னும் பாதுகாப்புப் பின்னுமாக நின்றன. 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு விதியும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வரிசையை மாற்ற முயன்றன. அம்மாற்றத்தை நடைமுறையாக்கும் பொறுப்பு நீதவானிடமும் பொலிசாரிடமும் மட்டும் தங்கியதன்று; பிரதேச செயலகத்தின் சிறிய அறையில் மேசைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தரிடமும் தங்கியுள்ளது. அப்பணிக்குப் பயிற்சி பெறுவோரிற் பலர் பல்கலைக்கழகங்களிலிருந்தே செல்கின்றனர் என்பதும் கருதத்தக்கது.

சுற்றமும் நிலமும் ஒருகாலத்தில் அளித்த அடைக்கலம் தீவகத்தில் மீண்டும் அவ்வாறே தோன்றப்போவதில்லை. கலைந்த அயலைச் சட்டத்தாற் கூட்டவும் இயலாது. அவ்வயல் செய்த ஒன்றை, நள்ளிரவிற் கதவு திறத்தலை, இன்றைய நிறுவனங்கள் செய்யலாம். அது செய்த மற்றொன்றை, விடிந்ததும் திருப்பி அனுப்புதலை, அவை தவிர்க்கலாம். இவ்விரண்டும் ஒருங்கே நிகழும்போதே ஆதரவு என்னும் சொல் தன் பொருளைப் பெறும்.